மதுரையிலிருந்து கடலோரமாக ஒரு கார் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கிளம்பி ராமநாதபுரத்தில் கடலோரச் சாலையைப் பிடித்து, கீழக்கரை, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாக மணப்பாடு வரை போய்த் திரும்பும் பயணத்தை ஏழெட்டு முறை செய்துவிட்டேன். ஒருமுறை மதிய இடைவேளையில் அலுவலகத்தில் படங்களைக் காட்டித் தொலைத்தேன். அன்றிலிருந்து பள்ளி விடுமுறை நெருங்கினாலே யாராவது ஒருவர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள், சந்தேகங்கள் அதேதான். அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன்.

கடற்கரை வழியா கார்ல போகணும்னு ஆசை. மதுரைல இருந்து எந்த ரூட்ல போறது?

விரகனூர் சுற்றுச்சாலையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் திருப்புவனம், பரமக்குடி வழியாக ராமநாதபுரம். ஏறத்தாழ 115 கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால் திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி. பிறகு காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு. திரும்பும்போது கடலை விட்டுவிட்டு உள்நாட்டு நெடுஞ்சாலையில் வீடு வந்து சேரலாம். கிளைச் சாலைகளில் சுற்றுவதையும் சேர்த்து மொத்தம் 550 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரமக்குடி வரை நான்குவழிச் சாலை. அதற்கப்புறம் ராமநாதபுரம் வரை இருவழிதான். நான்குவழியாக்க 2025இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, எனவே வேலை நடக்கும் இடங்களில் கொஞ்சம் பொறுமை வேண்டும். திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் சுங்கச்சாவடி உண்டு.

ஈசிஆர்னா ரோடு முழுக்க கடலைப் பார்த்துக்கிட்டே போகலாம்தானே?

முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த நினைப்போடு போய் ஏமாந்து வந்தவர்கள்தான் அதிகம். சென்னைக்குப் பக்கத்து ஈசிஆரை மனதில் வைத்துக்கொண்டு போனால் ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் நீங்கள் பார்க்கப்போவது சீமைக்கருவேலமும் பனையும் உப்பளமும்தான். சாலை கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஓடுகிறது. கடல் எங்கேயோ இருக்கிறது என்பது காற்றில் வரும் பிசுபிசுப்பில் தெரியும், கண்ணில் படாது.

தெற்கே போகும்போது கடல் எப்போதும் உங்கள் இடது பக்கம். ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்த்து இடது பக்கம் திரும்பி, இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் சாலை ஒரு தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ மீன் ஏலக் கூடத்திலோ போய் முடியும். அங்கேதான் கடல் இருக்கிறது, ஊரும் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பயணத்தின் சூட்சுமமே அந்த இடது பக்கத் திருப்பங்கள்தான். திரும்பாமல் நேரே ஓட்டினால் இரண்டரை மணி நேரத்தில் தூத்துக்குடி போய்விடலாம், ஆனால் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல முடிச்சிடலாமா?

முடிக்கலாம், அவசர அவசரமாக. மூன்று பகல், இரண்டு இரவு இருந்தால் சரியாக இருக்கும். முதல் நாள் ராமநாதபுரம் அரண்மனை, திருப்புல்லாணி, கீழக்கரை, வாலிநோக்கம் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் தூத்துக்குடி. இரண்டாம் நாள் தூத்துக்குடி, கொற்கை, புன்னைக்காயல், காயல்பட்டினம் முடித்து திருச்செந்தூர். மூன்றாம் நாள் விடியலில் மணப்பாடு, பிறகு தேரிக்காடு, அப்புறம் வீடு.

இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் தூத்துக்குடிக்கு வடக்கே உள்ளதை ஒரு பயணமாகவும் தெற்கே உள்ளதை இன்னொரு பயணமாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக நேரே தூத்துக்குடி போக நான்குவழிச் சாலை இருக்கிறது, இரண்டரை மணி நேரம்.

கீழடி அருங்காட்சியகம் போகிற வழியில்தானே, அதையும் பார்த்துவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டரில் இருக்கிற இடத்தை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். அதன் முன்னால் நின்றுவிட்டால் அந்த நாளின் பாதி மதுரையிலேயே போய்விடும்.

எந்த மாசம் போனா நல்லது?

ஜனவரி முதல் மார்ச் பாதி வரை. வெயில் பொறுக்கும், மழை விட்டிருக்கும், சாயல்குடிப் பக்கத்துக் கண்மாய்களில் பறவைகள் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் வாட்டும், ஆனால் பதநீரும் நுங்கும் கிடைக்கிற காலம் அதுதான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும், மணல் கண்ணில் அடிக்கும், பைக்கில் போகிறவர்களைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். வறண்ட சீமைதானே, மழை என்ன செய்துவிடும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அவ்ளோ தூரம் போயிட்டு ராமேஸ்வரம் போகாம வந்தா வீட்ல திட்டுவாங்களே?

திட்டு வாங்க முடியாது என்றால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்திலிருந்து, தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை போய்த் திரும்ப மட்டும் 150 கிலோமீட்டர் ஆகும். பாம்பனில் 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்து 1914ஆம் ஆண்டின் பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலம் தெரியும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் நெரிசல், ஹாரன் சத்தம். இறங்கிய பிறகு ஓரமாக நிறுத்தி நடந்து வந்து பாருங்கள்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு 2017 முதல் தார்ச்சாலையிலேயே போகலாம். சாலையின் ஒரு பக்கம் அலை அதிகமில்லாத பெண் கடல், மறு பக்கம் சீறுகிற ஆண் கடல் என்று அங்கத்து மக்கள் சொல்வார்கள். முன் பதிலில் கடல் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, இந்தச் சில கிலோமீட்டர் மட்டும் விதிவிலக்கு. இரண்டு பக்கமும் கடல்தான். ஆனாலும் என் கணக்கில் ராமேஸ்வரம் தனிப் பயணம். எல்லோரும் போகிற ஊர், எப்படியும் இன்னொரு தடவை யாரையாவது கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறீர்கள்.

ராமநாதபுரம்னா தண்ணியில்லாக் காடுன்னுதான் கேள்விப்பட்டிருக்கோம். அங்க நிக்கிற அளவுக்கு என்ன இருக்கு?

சேதுபதிகளின் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசம் இருக்கிறது. உள்ளே போய் மேலே பாருங்கள். சுவர், வளைவு, விதானம் எங்கும் ஓவியங்கள், பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்டவை. ராமாயணம் ஒரு பக்கம். மராத்தியப் படையோடு சண்டை இன்னொரு பக்கம். தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்கும் காட்சியும் உண்டு. அரை இருட்டில் நின்று கண் பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அரைமணி நேரமாவது கொடுங்கள். அரசு அருங்காட்சியகம் என்பதால் வார விடுமுறை உண்டு, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உத்தரகோசமங்கை போக ஆசைப்பட்டால் காலையிலேயே போய்விடுங்கள், உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். அங்குள்ள மரகத நடராஜரை ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பைக் களைவார்கள். அன்று கூட்டத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழக்கரையில என்ன பார்க்கிறது? சும்மா ஒரு ஊர்தானே?

அந்த ஊரைத்தான் பார்க்க வேண்டும். மரக்காயர்கள் எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் கடல் வணிகம் செய்து வளர்ந்த ஊர். குறுகலான தெருக்கள், தெருவை ஒட்டி உயர்ந்த சுவர்கள், கதவைத் திறந்தால் உள்ளே நீண்டுகொண்டே போகும் வீடுகள். ஜும்மா பள்ளிவாசல் முழுக்கக் கல்லால் ஆனது. தூண்களையும் போதிகைகளையும் பார்த்தால் நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் நிற்பது போலவே இருக்கும். உருவங்கள் மட்டும் இருக்காது. அவை இருக்க வேண்டிய இடத்தில் பூவும் கொடியும் செதுக்கியிருப்பார்கள். நம் ஸ்தபதிகளுக்குத் தெரிந்த கைவேலையை அப்படியே வாங்கித் தொழுகைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் சொல்கிற சீதக்காதி இந்த ஊர்க்காரர்தான். 17ஆம் நூற்றாண்டு வணிகரான ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயர். படிக்காசுப் புலவர் வந்து சேர்வதற்குள் அவர் இறந்துவிட, அடக்கமான பிறகும் கை நீண்டு மோதிரத்தைக் கொடுத்தது என்று கதை. அவருடைய அடக்கத்தலம் பள்ளிவாசலை ஒட்டியே இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவரும் இவரே. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்பும் வழியில் மறுபடி வரும்.

கிளம்பும் முன் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுக்கிற கறுத்த இனிப்பு. மலேசியா, இந்தோனேசியாவிலும் ஏறக்குறைய இதே பெயரில் இருக்கிறது, கப்பலில் வந்த பண்டம். கையில் எண்ணெய் ஒட்டும், வாயில் வழுக்கும். அல்வா சாப்பிட்டுப் பழகிய என் மாமனாருக்கு முதல் வாய் பிடிக்கவில்லை. சாயல்குடி வருவதற்குள் பொட்டலம் காலி.

கீழக்கரைக்கு அப்புறம் தூத்துக்குடி வரைக்கும் ஒண்ணுமே இல்லையாமே?

கடை கண்ணி குறைவு என்பது உண்மை. ராமநாதபுரத்திலோ சாயல்குடியிலோ பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரும் வாங்கி வையுங்கள். ஒன்றுமே இல்லை என்பது பொய். குளிர்காலத்தில் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்களிலும் சித்திரங்குடியிலும் கூழைக்கடாவும் நாரையும் இறங்கியிருக்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்கள். உப்பு வாருகிற காலத்தில் போனால் பாத்திகளின் ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள் வரிசையாக நிற்கும், அதன்மேல் பனையோலையைப் போட்டு மூடியிருப்பார்கள். மதிய வெயிலில் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது, கண் கூசும்.

பங்குனி, சித்திரையில் சாலையோரப் பனைமரத்தடியில் பதநீர் விற்பார்கள். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். விளிம்பை வாய்க்குக் கொண்டுபோகும்போதே சுண்ணாம்பு வாசனையும் பச்சை ஓலை வாசனையும் சேர்ந்து ஏறும். கேட்டால் நுங்கை விரலால் தோண்டி அதிலேயே போட்டுத் தருவார்கள். பட்டையின் மடிப்பை விட்டுவிட்டால் சட்டையெல்லாம் பதநீர், ஜாக்கிரதை. எட்டு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் புளிக்க ஆரம்பித்துவிடும்.

வேம்பாரில் இடது பக்கம் திரும்பினால் கடலும் பழைய தேவாலயமும். கருப்பட்டிக்கும் பேர்போன ஊர்.

தூத்துக்குடில மக்ரூன் வாங்குறதைத் தவிர வேற என்ன செய்யலாம்?

முதலில் மக்ரூனை வாங்குங்கள், அதில் ஒன்றும் வெட்கமில்லை. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றுதான். மழை நாளில் காற்று பட்டால் நமத்துப்போகும், எனவே ஊர் திரும்பும் நாளில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

பனிமய மாதா பேராலயத்துக்குக் காலையில் போங்கள். ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் திருவிழா முடியும். அந்த நாட்களில் விடுதியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பிறகு பழைய துறைமுகம் பக்கம் ஒரு நடை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாகக் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியது இந்தக் கரையிலிருந்துதான். முத்துநகர் என்று பெயர் இருந்தாலும் முத்துக்குளிப்பு நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கொற்கைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். போனா துறைமுகம் மாதிரி ஏதாவது இருக்குமா?

வயலும் குளமும் வாழைத்தோட்டமும் இருக்கும். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்கிப் போய்விட்டது. 1968-69இல் தமிழக தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது கிடைத்த கரியின் காலத்தைக் கணித்து கி.மு. 785 என்றார்கள். ஊரில் ஒரு மிகப் பழைய வன்னிமரம் இருக்கிறது, அதன் அடியில் நின்றால் கிழக்கே ஒரே பச்சை.

இந்தப் பயணம் முழுக்க இடது பக்கம் திரும்புங்கள் என்றேன். கொற்கைக்கு மட்டும் திருச்செந்தூர் சாலையிலிருந்து வலது பக்கம், ஏரல் போகும் பக்கமாகத் திரும்ப வேண்டும். கடல் இருந்த இடம் அது, இப்போது இல்லை. பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாகப் புவியியல் சொல்லித்தர முடியாது. ஆனால் "பார்க்க" ஏதாவது வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களோடு போகாதீர்கள், வழியெல்லாம் உங்களைத்தான் கேட்பார்கள்.

கொற்கைக்குப் பிறகு காயல், அதற்குப் பிறகு புன்னைக்காயல் என்று துறைமுகம் ஆற்றின் முகத்தைத் துரத்திக்கொண்டே கிழக்கே நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்லும் காயல் இங்கேதான். புன்னைக்காயலில் வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரீக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவ நூல் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. ஆறு கடலில் கலக்கும் அந்தச் சின்ன ஊருக்குப் போக, வழக்கம்போல இடது பக்கம்.

திருச்செந்தூர்ல கூட்டமா இருக்குமே, தங்க ரூம் கிடைக்குமா?

சாதாரண செவ்வாய், புதனில் கிடைக்கும். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம், பௌர்ணமி, நீண்ட விடுமுறை ஆகிய நாட்களில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். அப்படி மாட்டிக்கொண்டால் தூத்துக்குடியில் தங்கி அதிகாலையில் வருவது மேல், 40 கிலோமீட்டர்தான். இடையில் உள்ள சின்ன ஊர்களில் குடும்பத்தோடு தங்கும்படியான விடுதிகளை எதிர்பார்க்க வேண்டாம்.

கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்கே நிற்கும், கடல் கிழக்கே. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாழிக்கிணற்றுத் தண்ணீர் கரிப்பதில்லை.

மணப்பாடு மணப்பாடுன்னு சொல்றீங்களே, அப்படி என்னதான் இருக்கு?

மணல் மேடு ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறு பக்கம் கருமேனியாறு வந்து சேரும் அசையாத உப்பங்கழி. காலை ஆறரைக்கு மேட்டில் ஏறி நின்றால் கீழே வள்ளங்கள் கரையேறுவதும், பெண்கள் மீனைக் கூறு போடுவதும், அதற்கு மேலே ஊரின் பழைய மாடி வீடுகளும் ஒரே பார்வையில் தெரியும். கொழும்போடு வணிகம் செய்த குடும்பங்கள் கட்டிய வீடுகள் அவை. 1542இல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை மேட்டின் கடல் பக்கச் சரிவில் இருக்கிறது. செப்டம்பர் முதல் பாதியில் சிலுவைத் திருவிழா, அப்போது ஊர் கொள்ளாது.

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு இவற்றை ஏழு கடற்துறை என்பார்கள். 1530களில் பரதவர் கிறிஸ்தவத்தைத் தழுவிய ஊர்கள். வேம்பாரில் ஆரம்பித்து மணப்பாட்டில் முடித்தால் அந்த ஏழையும் வரிசையாகப் பார்த்த கணக்காகிவிடும். முழுப் பயணத்திலும் ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் மணப்பாட்டைத்தான் சொல்வேன்.

பள்ளிவாசல், சர்ச்சுக்குள்ள நாம போகலாமா? பொம்பளைங்க போகலாமா?

தேவாலயங்களில் தடையில்லை, பூசை நடக்கும்போது கேமராவைத் தூக்காமல் இருந்தால் போதும். பள்ளிவாசலில் தொழுகை நேரம் முடிந்த பிறகு, அங்கே இருப்பவரிடம் "உள்ளே வந்து பார்க்கலாமா பாய்?" என்று கேளுங்கள். எனக்கு ஒருபோதும் முகம் சுளித்துப் பதில் வந்ததில்லை. பெண்கள் எதுவரை வரலாம் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். கீழக்கரை, காயல்பட்டினம் தெருக்களில் வீடுகளையும் வாசலில் நிற்கும் பெண்களையும் படம் எடுக்காதீர்கள்.

மீன் சாப்பாடு எங்க நல்லாருக்கும்? எங்க வீட்ல பாதிப் பேர் சைவம்.

கடையின் பெயரைவிட மாதம் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது நாட்டுப்படகில் வருவதுதான் புது மீன், விலையும் கூடுதல். பெரிய கடைகளில் ஐஸ் மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். மற்ற மாதங்களில் "இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு விலைமீனோ பாறையோ ஊளியோ, இருப்பதைச் சொல்லுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்பது மதுரைக்காரர் குணம், அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் மூன்றிலும் கவலையில்லை. நடுவில் உள்ள ஊர்களில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதுதான் நிம்மதி.

வழியில எங்க வேணா இறங்கிக் குளிக்கலாமா?

கூடாது. அரிச்சல்முனையில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். மணப்பாட்டிலும் முனைப் பக்கம் வேண்டாம். திருச்செந்தூரில் கூட்டத்தோடு கூட்டமாகக் குளிக்கலாம், அங்கும் பாறைகள் உண்டு. மற்ற இடங்களில் கரையில் வலை சரி செய்துகொண்டிருக்கும் பெரியவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடலில் தெரியும் தீவுகளுக்கும் நினைத்தபடி போக முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதிக்கிற படகில் அனுமதிக்கிற இடத்துக்கு மட்டும்தான்.

காரை பீச் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாமா? எஸ்யூவிதான் வச்சிருக்கேன்.

நான் மாட்டிய கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மீனவர் ஊரில், தார் முடிகிற இடத்திலிருந்து இருபதடிதானே என்று மணலில் இறக்கினேன். முன்சக்கரம் இரண்டும் புதைந்தன. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் உள்ளே உட்கார்ந்தது. அலைக்கும் பம்பருக்கும் நடுவில் பத்தடி. ஐந்தாறு பையன்கள் ஓடி வந்தார்கள். "மிதிக்காதீங்கண்ணே!" என்று ஒருவன் கத்தினான். சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே மணலை வாரி, காய்ந்த பனைமட்டைகளைச் செருகி, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, படகைத் தள்ளுகிற அதே "ஏலேலோ" போட்டுத் தள்ளிவிட்டார்கள். காசு வாங்க மறுத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது கிரிக்கெட் பந்து ஒன்று வாங்கி வரச் சொன்னார்கள்.

எஸ்யூவி என்றாலும் இதே கதைதான், கனம் கூடுதல் என்பதால் சீக்கிரம் புதையும். தார் முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள். வீடு திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது.

ராத்திரில ஓட்டினா டிராஃபிக் இருக்காதே?

ஆடு, மாடு, விளக்கில்லாத டிராக்டர், உப்பு லாரி எல்லாம் இருக்கும். தவிர, இருட்டில் எந்த ஊருக்குத் திரும்புவீர்கள்? ஆறரைக்குள் தங்கும் ஊருக்கு வந்துவிடுங்கள்.

அம்மா அப்பாவுக்கு எழுபது வயசு. கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. ஒரு நாளைக்கு மூன்று ஊர் மட்டும் வையுங்கள், மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அறையில் இருக்கட்டும். கழிப்பறைதான் பெரிய பிரச்சினை, ராமநாதபுரத்தை விட்டால் தூத்துக்குடி வரை பெட்ரோல் பங்குகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். மணப்பாடு மேட்டில் ஏற முடியாதவர்கள் கீழே கழிக்கரையில் உட்கார்ந்தே காட்சியைப் பார்க்கலாம்.

தேரிக்காடு பாலைவனம் மாதிரி இருக்குமாமே, உள்ள போகலாமா?

செக்கச் சிவந்த மணல் மேடுகள். கடல் மணல் வெளுப்பாக இருக்க, சில கிலோமீட்டர் உள்ளே வந்தால் செம்மண் தூள். இரும்புத் துரு படிந்த மணலைக் காற்று அடித்து அடித்துக் குவித்தது. திருச்செந்தூரிலிருந்து குதிரைமொழித் தேரிப் பக்கம் போகும் சாலையில் முந்திரியும் பனையும் பாதி புதைந்தபடி நிற்கும். தேரிக்குள் இருக்கும் கோயில் வரை போகும் சாலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மேட்டுக்கு மேடு ஏறி உள்ளே போகாதீர்கள், எல்லா மேடும் ஒரே மாதிரி இருப்பதால் வழி தப்பும். மேலும் அது காப்புக்காடு.

போகிற வழியில் உடன்குடியில் கருப்பட்டி. புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சர்க்கரை மாதிரி மின்னினால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

திரும்ப எந்த வழியா வரலாம்? வந்த வழியேவா?

இரண்டு வழி உண்டு. திருநெல்வேலி வழியாக வந்தால் ஆதிச்சநல்லூர். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் முதுமக்கள் தாழிகளை எடுத்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். தாழிகளின் தலைக்கு மேலேயே நடக்கலாம்.

தூத்துக்குடி வழியாக வந்தால் எட்டயபுரம். 1882இல் பாரதி பிறந்த வீடு, 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் காலமான ஊர். எல்லோரும் அந்த இரண்டோடு கிளம்பிவிடுவார்கள். உமறுப் புலவரின் மணிமண்டபமும் இங்கேதான் இருக்கிறது. முதல் நாள் கீழக்கரையில் சீதக்காதியைப் பார்த்தீர்கள் அல்லவா, அவர் ஆதரித்த புலவர் கடைசி நாள் நெடுஞ்சாலையை ஒட்டிக் காத்திருக்கிறார். அதற்காகவே நான் பெரும்பாலும் இந்த வழியில் வருவேன்.

மணப்பாட்டோட ஏன் நிறுத்தறீங்க? கன்னியாகுமரி வரை போகலாமே?

போகலாம், இன்னும் எழுபது சொச்சம் கிலோமீட்டர்தான். வழியில் உவரியில் கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயில் இருக்கிறது, பிள்ளைகள் விடமாட்டார்கள். ஆனால் கன்னியாகுமரி போனால் அங்கே ஒரு இரவு, பிறகு மதுரைக்கு 245 கிலோமீட்டர். மூன்று நாள் நான்காகும். அதோடு சின்ன ஊர்களின் அமைதிக்குப் பழகிய பிறகு அந்தச் சுற்றுலாக் கூட்டம் எனக்கு ஒத்துவருவதில்லை. உங்களுக்கு எப்படியோ.

இதெல்லாம் பார்த்தாச்சு. ராமநாதபுரத்துல இருந்து வடக்கே போனா?

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணம், தொண்டி, அதற்கும் மேலே போனால் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம், கடைசியில் தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. அதற்கு இன்னொரு மூன்று நாள் வேண்டும். இங்கே சொன்ன மழை, மீன், மணல் விஷயமெல்லாம் அங்கும் பொருந்தும். ஒன்று மட்டும் மாறும்: வடக்கே போகும்போது வலது பக்கம் திரும்ப வேண்டும்.